அஜாக்கிரதை யாருடையது?

2021ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கொரோனாவின் இரண்டாவது அலை தேசத்தைப் புரட்டிப் போட்டபோது, சர்க்கார் தரப்பில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். ஜனங்கள் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார்களாம். அதனால் நோய் பெருகிவிட்டதாம்! அன்றைய மத்திய சுகாதார மந்திரி ஹர்ஷ வர்த்தன் ஏப்ரல் 6ந் தேதி காரணங்களை அடுக்கினார்: ஆடம்பரக் கல்யாணங்கள், உள்ளாட்சித் தேர்தல்கள், விவசாயிகளின் போராட்டம். பெரிய பத்திரிகைகளும் இதற்கே தாளம் போட்டன. இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் நம்மவர்களே சிலர், “நம்ம சனம் சொன்னா எங்க கேக்குது?” என்று தலையில் அடித்துக்கொள்வதைக் கேட்கிறோம்.

இந்தப் பேச்சை இப்படியே விட்டுவிட நமக்குச் சம்மதமில்லை. செத்தவர்கள் நம்முடைய ஜனங்கள். செத்தவன் மேலேயே அவன் சாவுக்குப் பழியைப் போடுவது அக்கிரமம்.

ஆறடி தள்ளி நில் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு ஜீவன்கள் படுத்து எழுகிற லயத்துக் குடித்தனத்தில் ஆறடி எங்கே இருக்கிறது? ஒரே அறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் மில் ஹாஸ்டல் பெண்கள் எந்தப் பக்கம் தள்ளிப் படுப்பது? விடிவதற்கு முன் மினி வேனில் நிற்க இடமில்லாமல் நடவுக்குப் போகிற பெண் எப்படி விலகி நிற்பாள்? தூரமாக நிற்பதற்கும் காசு வேண்டும், தோழர்களே. வீட்டிலிருந்தபடியே சம்பளம் வாங்குகிறவன் விலகி இருந்தான். தறியையும் மண்வெட்டியையும் வீட்டிலிருந்தபடியே ஓட்ட முடியுமா?

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டியதில்லை. தேர்தல் கூட்டம் போடாத கட்சி கிடையாது. அந்த ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி கல்கத்தா பிரிகேட் மைதானத்தில் இடதுசாரிகளும் பெருங்கூட்டம் கூட்டினார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 6ந் தேதி வாக்குப்பதிவு வரை எல்லாக் கொடிகளும் தெருவில்தான் பறந்தன. ஆனால் சாதாரண ஜனங்கள் மட்டும் கூட்டம் கூட்டினார்களா? மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டமாக, மார்ச் 27 முதல் ஏப்ரல் 29 வரை தேர்தலை இழுத்தது யார்? ஹரித்வார் கும்பமேளாவில் லட்சக்கணக்கானோர் முழுக்குப் போட அனுமதி கொடுத்தது யார்? ஏப்ரல் 26ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம், இரண்டாவது அலைக்குத் தேர்தல் கமிஷனே பொறுப்பு, கொலைக் குற்றமே சுமத்தலாம் என்ற அளவுக்குக் கடிந்து பேசிற்று. மே மாதத்தில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத் கூட, ஜனங்களோடு சர்க்காரும் நிர்வாகமும் சேர்ந்தே அலட்சியமாக இருந்துவிட்டன என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆளுகிறவர்களுக்கு வேண்டியவர் வாயிலிருந்தே வந்த வார்த்தை இது.

முதல் அலையில் ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? 2020 மார்ச் 24ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு 12 மணிக்கு தேசமே பூட்டப்பட்டது. கொடுத்த அவகாசம் நாலே மணி நேரம்! கூலி நின்றது, ரயில் நின்றது, சோறும் நின்றது. கட்டிட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த வடநாட்டுத் தொழிலாளிகள் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மே 8ந் தேதி மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, களைத்துப்போய்த் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறிற்று. அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. பிறகு விட்ட சிறப்பு ரயில்களிலும் செப்டம்பர் 9ந் தேதி வரை 97 பேர் இறந்துபோனதாகச் சர்க்காரே ராஜ்யசபையில் சொல்லிற்று. அதே மாதம் தொழிலாளர் மந்திரி லோக்சபையில் என்ன சொன்னார் தெரியுமா? ஊரடங்கில் செத்த புலம்பெயர் தொழிலாளிகள் எத்தனை பேர் என்ற கணக்கு தங்களிடம் இல்லை என்றார்!

நமது சாத்தான்குளத்தில், கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகச் சொல்லி 2020 ஜூனில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் அடியினால் மாண்டார்கள். தில்லியில் கூடிய ஒரு முஸ்லிம் மத அமைப்பினர்தான் நோயைப் பரப்பினார்கள் என்று ஊரெல்லாம் தூற்றினார்கள். அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று அதே வருஷம் ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் பெஞ்சு தீர்ப்புச் சொல்லிற்று. ஆக, முதலிலிருந்தே சர்க்காருக்குத் தெரிந்த வைத்தியம் தடியும் பழியும்தான்.

சரி, ஜனங்கள் இவ்வளவு விலை கொடுத்து வாங்கித் தந்த அவகாசத்தில் சர்க்கார் என்ன செய்தது?

2020 நவம்பரிலேயே பார்லிமெண்டின் சுகாதாரக் குழு எச்சரித்தது: ஆஸ்பத்திரிப் படுக்கைகள் போதாது, பிராணவாயு உற்பத்தியைக் கவனியுங்கள், சிலிண்டர் விலைக்குக் கட்டுப்பாடு வையுங்கள் என்று. ஆஸ்பத்திரிகளிலேயே பிராணவாயு தயாரிக்க 162 நிலையங்கள், மொத்தச் செலவு 201 கோடி ரூபாய்ச் சொச்சம் என்று திட்டமும் போட்டார்கள். 2021 ஏப்ரல் 18ந் தேதி, தில்லியில் நோயாளிகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, எத்தனை நிலையங்கள் நிறுவப்பட்டிருந்தன? 33! மத்திய சுகாதார இலாகா தானே சொன்ன எண்ணிக்கை இது. நடுவில் ஜனவரி 28ந் தேதி பிரதம மந்திரி டாவோஸ் கோடீஸ்வரர்கள் மாநாட்டில் பேசி, கொரோனாவைக் கட்டுப்படுத்தி மனித குலத்தையே பெரிய நாசத்திலிருந்து காப்பாற்றினோம் என்று மார்தட்டினார். மார்ச் 7ந் தேதி சுகாதார மந்திரி ஆட்டம் முடியப் போகிறது என்றார். இரண்டு மாதம் கழித்து ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் பேருக்கு நோய். முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்ட கூலிக்காரனா இதில் பெரிய அஜாக்கிரதைக்காரன்?

வெகுதூரம் போக வேண்டாம், நமது செங்கல்பட்டையே பாருங்கள். 2021 மே 4ந் தேதி இரவு அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். பிராணவாயு குறைந்துபோனதால்தான் என்று உறவினர்கள் கதறினார்கள். கையிருப்பு இருந்தது, தட்டுப்பாடு இல்லை என்றார்கள் அதிகாரிகள். டாக்டர்களே வேலையை நிறுத்திப் போராடினார்கள்.

அதே செங்கல்பட்டில், திருமணியில், சுமார் 100 ஏக்கரில் ஒரு பெரிய தடுப்பூசித் தொழிற்சாலை நிற்கிறது. பொதுத்துறைக்குச் சொந்தமானது. 2012ல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக அனுமதிக்கப்பட்டது. கட்டிடம் எழும்பிற்று, யந்திரங்கள் வந்தன. ஆனால் தேசம் ஊசிக்குத் தவமிருந்த அந்த மே மாதத்தில் அங்கிருந்து ஒரு ஊசி மருந்துகூட வெளியே வரவில்லை. சர்க்கார் தானே நடத்த வேண்டிய ஆலையை, தனியார் யாராவது வந்து நடத்துகிறீர்களா என்று அந்த ஆண்டு ஆரம்பத்தில் கூவிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. ஒரு பக்கம் மூச்சில்லாமல் செத்த ஜனங்கள், மறுபக்கம் பூட்டிக் கிடந்த மருந்தாலை!

இந்தப் பாவத்தை இன்றைய ஆட்சி மேல் மட்டும் ஏற்றுவதும் நியாயமல்ல. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், கசௌலி ஆராய்ச்சி நிலையம் என்று நமது குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊசி மருந்து தந்துவந்த மூன்று சர்க்கார் ஸ்தாபனங்களின் லைசென்சை 2008ல் நிறுத்தி வைத்தது காங்கிரஸ் தலைமையிலிருந்த ஆட்சி. 2010ல் திருப்பித் தந்தார்கள். அதற்குள் சந்தை தனியார் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பலன் என்ன? 2021 மே முதல் தேதி வந்த ‘தாராள’த் தடுப்பூசிக் கொள்கை. ஒரே மருந்துக்கு மூன்று விலை! கோவிஷீல்டு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 400 (கூச்சல் கிளம்பியதும் 300), தனியார் ஆஸ்பத்திரிக்கு 600. சர்க்கார் ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து உருவாக்கிய கோவாக்சின் தனியாருக்கு 1200. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 273 ரூபாய். சர்க்கார் ஊசி கிடைக்காமல் தனியார் வாசலில் போய் நின்ற விவசாயத் தொழிலாளிக்கு, இரண்டு ஊசியின் மருந்து விலைக்கே ஒன்பது நாள் கூலி போய்விடும். போதாததற்கு, 45 வயதுக்குக் கீழே இருப்பவன் கணினியிலோ கைபேசியிலோ முன்பதிவு செய்தாக வேண்டுமென்றார்கள். இந்தக் கொள்கை தான்தோன்றித்தனமானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று சுப்ரீம் கோர்ட்டே ஜூன் 2ந் தேதி சொன்ன பிறகுதான், ஜூன் 7ந் தேதி பிரதம மந்திரி இறங்கி வந்தார். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இலவசம் என்றார்.

ஊரடங்குச் சட்டம் யாரை அடக்கிற்று, யாரை விட்டது என்பதையும் பார்த்தோம். 2021 மே 10ந் தேதி முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. தெருவில் காய்கறி விற்றவனைப் போலீஸ் விரட்டிற்று. மோட்டார் கார் செய்யும் ஆலைகளுக்கோ விதிவிலக்கு! காருக்கு என்ன அவசரம்? ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளிகள் தங்கள் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். மே 24ந் தேதி இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலைக்குள் தொழிலாளிகள் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. ரெனோ-நிசானிலும் வேலைக்கு வரமாட்டோம் என்று தொழிலாளிகள் சொன்ன பிறகே கதவு அடைக்கப்பட்டது. நோயைத் தடுக்க வழி தேடியது யார், பரவ வழி விட்டது யார் என்று இதிலிருந்தே தெரியவில்லையா? மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் ஆலைகள் நிறைந்த கோவை மாவட்டம் சென்னையையே தாண்டிற்று.

குஜராத் சர்க்கார் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சாக்கிட்டு 12 மணி நேர வேலைக்கு உத்தரவு போட்டது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது என்றது. அக்டோபர் முதல் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்குப் போட்டது தொழிலாளர் சங்கம்.

கடைசியில் கணக்குக்கு வருவோம். 2021 ஜூலை 20ந் தேதி ராஜ்யசபையில் மத்திய சர்க்கார் சொன்னது: பிராணவாயு இல்லாமல் செத்ததாக எந்த மாநிலமும் தனியாகத் தகவல் தரவில்லை! உத்திரப் பிரதேசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வேலைக்குப் போய் 1621 ஆசிரியர்களும் ஊழியர்களும் மாண்டார்கள் என்று ஆசிரியர் சங்கம் ஜாபிதா கொடுத்தது. அம்மாநில சர்க்கார் முதலில் சொன்ன எண்ணிக்கை மூன்று. பீகாரில் பக்ஸார் அருகே கங்கையில் மிதந்து வந்த 71 பிணங்களுக்குப் பெயர் யார் எழுதினார்கள்?

குஜராத்தில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் சுமார் 10 ஆயிரம் பேர் என்றார்கள். சுப்ரீம் கோர்ட் வற்புறுத்தலால் 50,000 ரூபாய் உதவித்தொகை என்று வந்ததும், 2022 ஜனவரிக்குள் அதே சர்க்கார் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களை ஒப்புக்கொண்டது! 2022 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம், 2020, 2021 இரண்டு வருஷத்திலும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் 47 லட்சம் பேர் செத்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. நமது சர்க்கார் அந்தக் கணக்கு முறையே தப்பு என்று சண்டைக்குப் போயிற்று.

ஆனால் 2025 மே மாதத்தில் இந்த சர்க்காரின் சொந்தப் பதிவேடே வெளிவந்தது. 2020ல் பதிவான சாவுகள் 81 லட்சம். 2021ல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் சுமார் 21 லட்சம் அதிகம். அதற்கு முந்தைய வருஷம் கூடியது 5 லட்சத்துக்கும் குறைவு. பதிவு செய்கிற வழக்கம் பெருகியதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்தாலும், அந்த வருஷம் கொரோனாவுக்கு என்று ஒப்புக்கொண்ட 3 லட்சத்துச் சொச்சத்துக்கும் இதற்கும் எங்கே பொருத்தம்?

இந்த வித்தியாசத்தில்தான் நம்முடையவர்கள் இருக்கிறார்கள். சோதனை செய்யாமல் செத்தவர்கள், ‘நிமோனியா’ என்று சீட்டு எழுதி அனுப்பப்பட்டவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலேயே கண்ணை மூடியவர்கள். அந்த 50,000 ரூபாய்கூட இவர்கள் குடும்பத்துக்குக் கிடைக்க வழியில்லை. ஏனென்றால் காகிதத்தில் இவர்கள் கொரோனாவில் சாகவில்லை.

ஒவ்வொரு மில்லிலும் 2021 மே மாதத்தோடு மஸ்டர் ரோலில் நின்றுபோன பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சேரியிலும் அந்தக் கோடையில் அடுத்தடுத்துப் பாடை கட்டிய வீடுகள் இருக்கின்றன. சங்கத் தோழர்களும் கிராமத்துத் தோழர்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அந்தப் பெயர்களை எழுத ஆரம்பிக்க வேண்டும்: பெயர், வயது, எந்த ஷிப்டு அல்லது யாருடைய வயல், எத்தனை நாள் காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, படுக்கை கிடைத்ததா, மரணச் சீட்டில் என்ன காரணம் எழுதினார்கள், உதவித்தொகை வந்ததா. விதவையின் கையெழுத்தோ ரேகையோ கீழே இருக்கட்டும்.