‘அப்பா, நீங்களும் பார்ட்னரா சேர்ந்துக்குங்க!’ - கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் காலை வாக்கிங் போகிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் காதில் வாங்கினால் போதும், ஏரியாவின் பாதி வாரிசுகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ‘பொண்ணு நியூஜெர்சி’, ‘பையன் துபாய்’ என்று ஆரம்பிக்கும் பேச்சு, முன்பெல்லாம் ‘பெரிய கம்பெனியில வேலை’ என்று முடியும். இப்போது ‘சொந்தமா ஏதோ ஆரம்பிக்கப் போறாளாம்’ என்றும் முடிகிறது. இட்லி மாவு, பாட்டு கிளாஸ், டிஃபன் கேட்டரிங், புடவைக் கடை, சின்னதாக ஒரு ஐ.டி கன்சல்ட்டிங் என்று ஆளுக்கொரு கனவு.

கனவு அவர்களுடையது. ஆனால், ‘அப்பா, நீங்களும் அம்மாவும் பார்ட்னரா சேர்ந்துக்குங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் வரும்போது, அது இங்கே இருப்பவர்களின் பிரச்னையாகவும் ஆகிவிடுகிறது. இந்த வாரக் கேள்வியும் அப்படிப்பட்டதுதான்: ‘மருமகள் சிங்கப்பூரில் கேட்டரிங் ஆரம்பிக்கிறாள். எங்களையும் பார்ட்னர்களாகப் போட்டு, 20 லட்ச ரூபாய் அனுப்பச் சொல்கிறான் பையன். சேரலாமா?’

லாபம் வருமா, வராதா என்பதை விடுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ‘அந்தத் தொழில் சட்டப்படி என்ன வடிவத்தில் பதிவாகிறது?’ என்பதைத்தான். பெசன்ட் நகர் ஃபிளாட் பத்திரமாக இருக்குமா என்பதே அதைப் பொறுத்திருக்கிறது.

கடையும் நீங்களும் ஒரே ஆளா?

எந்த நாட்டில் ஆரம்பித்தாலும் அடிப்படையில் இரண்டு வழிகள்தான். முதல் வழியில், கடையும் அதை நடத்துபவரும் ஒரே ஆள். தனி ஒருவர் நடத்தினால் புரொப்ரைட்டர்ஷிப், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தினால் சாதாரண பார்ட்னர்ஷிப். பதிவு செய்வது சுலபம், செலவும் குறைவு. ஆனால், கடைக்கு வரும் கடன் உங்களுக்கு வரும் கடன். கடையில் இருக்கும் சரக்கை விற்றும் அது அடையவில்லை என்றால், உங்கள் சொந்தச் சேமிப்பு வரை கைவைக்கலாம். பார்ட்னர்ஷிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பார்ட்னர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு.

இரண்டாவது வழியில், தொழிலைத் தனி ‘ஆளாகவே’ சட்டம் பார்க்கும். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.சி எல்லாம் இந்த வகை. நீங்கள் போட்ட முதல் போகலாம். அதோடு நஷ்டம் நின்றுவிடும்.

இந்தக் கொள்கையை உறுதிப்படுத்திய வழக்கே ஒரு குடும்பக் கடையைப் பற்றியதுதான். லண்டனில் தோல் பூட்ஸ் தைத்து விற்ற ஆரோன் சாலமன், தன் தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு. மற்றதெல்லாம் அவரிடம். கம்பெனி நொடித்தபோது, ‘இது பெயருக்குத்தான் கம்பெனி, கடனை சாலமனே கட்ட வேண்டும்’ என்று வாதாடினார்கள். 1896-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, ‘கம்பெனி வேறு, சாலமன் வேறு’ என்று தீர்ப்பளித்தது. உலகம் முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

மெட்ராஸ் பட்ட அடி

‘அதெல்லாம் சீமைக் கதை’ என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு பார்ட்னர்ஷிப் ஒன்று விழுந்து நம் ஊரையே உலுக்கிய சம்பவம் 1906-ல் நடந்தது. அர்பத்நாட் அண்ட் கோ அப்போது மெட்ராஸின் பெரிய வணிக நிறுவனம். நீதிபதிகளில் தொடங்கி சாதாரணக் குடும்பங்கள் வரை அங்கே டெபாசிட் போட்டு வைத்திருந்தார்கள். அது லிமிடெட் கம்பெனி அல்ல, பார்ட்னர்ஷிப். லண்டனில் அதோடு நெருங்கிய தொடர்பில் இருந்த பி.மெக்ஃபேடியன் அண்ட் கோ என்ற நிறுவனம் அக்டோபர் மாதம் நொடித்தது. சில நாள்களிலேயே அர்பத்நாட்டும் திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்களின் பணம் போனது. அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட் வழக்கை எதிர்கொண்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

அந்த அடியில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயற்சி எடுக்க, 1907 மார்ச்சில் லிமிடெட் கம்பெனியாகப் பதிவாகி, ஆகஸ்ட் 15-ம் தேதி தொழிலைத் தொடங்கியது. சில தனிநபர்களின் நாணயத்தை மட்டும் நம்பாமல், பலரும் பங்கு போட்டு நடத்தும் கம்பெனி என்ற வடிவத்தை அன்றைய மெட்ராஸ் தேர்ந்தெடுத்தது.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

வாசகியின் கேள்விக்கு நேரடி பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுத் தொழிலில் பங்கு வாங்குவதை 2022 ஆகஸ்ட்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அந்த விதிகளின்படி, நீங்கள் முதலீடு செய்யும் வெளிநாட்டு நிறுவனம் ‘வரையறுக்கப்பட்ட பொறுப்பு’ கொண்டதாக இருக்க வேண்டும். எரிசக்தி போன்ற சில துறைகளுக்கு மட்டுமே விலக்கு. டிஃபன் கேட்டரிங்குக்கு அந்த விலக்கு கிடையாது!

அதாவது, பெசன்ட் நகரில் வசிக்கும் மாமியாரும் மாமனாரும் சிங்கப்பூரின் சாதாரண பார்ட்னர்ஷிப்பில் பணம் போட்டுப் பங்குதாரர் ஆக முடியாது. பிரைவேட் லிமிடெட் என்றால் வழி உண்டு. அதற்கும் சில படிகள்:

* பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியில் பங்கு வாங்கினால், அது எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் ‘நேரடி வெளிநாட்டு முதலீடு’தான். பணம் அனுப்பும் முன் வங்கி மூலம் ‘ஃபார்ம் எஃப்.சி’ கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி எண் பெற வேண்டும்.
* ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லாக் காரணங்களுக்கும் சேர்த்து 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம்.
* கடன் கொடுப்பது, ஃபைனான்ஸ் போன்ற நிதிச் சேவைத் தொழில் என்றால், பொதுவாகத் தனிநபர்களுக்கு அனுமதி இல்லை.
* வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான பகுதியில் அந்தப் பங்குகளைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் வரை அபராதத்துக்கு இடமிருக்கிறது.

‘வெளிநாட்டுக் கோர்ட் தீர்ப்பு அடையாறு வரைக்குமா வரப்போகிறது?’ என்று கேட்பவர்களும் உண்டு. வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் உயர் நீதிமன்றங்கள் கொடுத்த பணத் தீர்ப்பை நம் ஊர் நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். இங்கிலாந்து, சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது.

நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம்?

சிங்கப்பூர்: ஒரு டாலர் முதலிலும் பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கலாம். ஆனால், டைரக்டர்களில் ஒருவராவது அங்கேயே வசிப்பவராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பெனி செக்ரட்டரியையும் நியமிக்க வேண்டும். மருமகள் ‘டிபெண்டன்ட் பாஸ்’ வைத்திருந்தால் இன்னொரு விஷயம். 2021 மே முதல், அந்த பாஸில் இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், கம்பெனியில் குறைந்தது 30 சதவிகிதப் பங்கு அவர் பெயரில் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரையாவது வேலைக்கு வைத்திருக்க வேண்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் பங்கைப் பிரித்துக் கொடுக்கும்போது இந்த 30 சதவிகிதக் கணக்கு மறந்துபோகக் கூடாது.

துபாய்: மெயின்லேண்டில் பெரும்பாலான தொழில்களுக்கு உள்ளூர்க்காரர் 51 சதவிகிதம் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் 2021 ஜூனில் நீங்கியது. ‘சோல் எஸ்டாபிளிஷ்மென்ட்’ என்ற லைசென்ஸில் கடன் உரிமையாளரின் தலையில். எல்.எல்.சி-யில் அப்படி இல்லை. ஒரே ஆள்கூட அதை ஆரம்பிக்கலாம். ஃப்ரீ ஸோன் லைசென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய வேண்டாம். அதை வைத்துக்கொண்டு மெயின்லேண்ட் தெருவில் கடை போட, பொதுவாகத் தனி அனுமதி வேண்டும்.

அமெரிக்கா: சின்னத் தொழில்களுக்கு எல்.எல்.சி பிரபலம். வரியைக் குறைக்க ‘எஸ் கார்ப்பரேஷன்’ அந்தஸ்தையும் சிலர் எடுக்கிறார்கள். சென்னையில் வசிக்கும் பெற்றோர் அதில் பங்குதாரர் ஆக முடியாது. சேர்த்தால் அந்த அந்தஸ்தே போய்விடும். சாதாரண எல்.எல்.சி-யில் சேரலாம். ஆனால், அங்கே வரும் லாபத்தில் உங்கள் பங்குக்கு அமெரிக்காவிலும் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய நேரிடும். பிள்ளை ஹெச்-1பி விசாவில் இருந்தால் முதலீடு செய்வது வேறு, உட்கார்ந்து வேலை பார்ப்பது வேறு. இரண்டாவதற்கு அந்த விசா தானாக அனுமதி தராது.

இங்கிலாந்து: ‘சோல் டிரேடர்’ ஆக ஆரம்பிப்பது மிகச் சுலபம். ஆண்டு வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆனால், ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யவே கூடாது. வீட்டு கிச்சனில் சமைத்து விற்பதும் சுயதொழில்தான்.

லிமிடெட் என்றால் முழுக் கவசமா?

இல்லை. புதிய கம்பெனியை நம்பி வங்கியும் கடை ஓனரும் சும்மா விட மாட்டார்கள். ‘பெர்சனல் கேரன்டி’ கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடமே, அந்தத் தொகைக்கு லிமிடெட் என்ற வேலி கிடையாது. அதேபோல, கம்பெனிக் கல்லாவில் இருந்து எடுத்து வீட்டு வாடகை கட்டுவது, வீட்டு கார்டில் கடைச் சரக்கு வாங்குவது என்று கலந்துவிட்டால், ‘கம்பெனி வேறு, நான் வேறு’ என்ற வாதம் பலவீனமாகிவிடும்.

‘பேருக்கு ஒரு டைரக்டரா இருங்க’ என்பதும் ஆபத்தான வேண்டுகோள்தான். பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் ஒரு பதவியே இல்லை. கணக்குத் தாக்கல் ஆகவில்லை என்றால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரும்.

அதற்காக எல்லோரும் கம்பெனிதான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. பாட்டு கிளாஸ், டியூஷன், தனியாளாக டிசைன் வேலை என்றால் கடன் இல்லை, ஊழியர் இல்லை. விசா இடம் கொடுத்தால் தனிநபராகவே ஆரம்பிக்கலாம். சாப்பாடு, வாடகைக் கடை, வேலையாள், கடனில் சரக்கு - இதில் ஒன்று வந்தாலும் லிமிடெட் பக்கம் போவது நல்லது. அதோடு இன்ஷூரன்ஸும் வேண்டும். ஒருவருக்கு வேர்க்கடலை அலர்ஜி என்றால், ஒரு ஸ்பூன் சட்னிகூட வழக்கில் முடியலாம்.

அப்படியானால் அந்த 20 லட்சம்?

பங்கே வேண்டாம், உதவி மட்டும் செய்தால் போதும் என்றால், மகனுக்கு அன்பளிப்பாக அனுப்பிவிடலாம். அதற்கு முதலீட்டு விதிகளின் படிவங்கள் இல்லை. நெருங்கிய உறவு என்பதால் இங்கே அன்பளிப்பு வரியும் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிப்பார்கள் (10 லட்சம் என்ற வரம்பு 2025 ஏப்ரல் முதல்). ஒருவரே 20 லட்சம் அனுப்பினால் பிடித்தம் 2 லட்சம். வரிக்கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும். அப்பா, அம்மா இருவரிடமும் சொந்தச் சேமிப்பு இருந்து, ஆளுக்கு 10 லட்சம் அனுப்பினால், அந்த ஆண்டில் வேறு தொகை அனுப்பாதவரை பிடித்தமே இல்லை.

பங்குதான் வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் பிள்ளையிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. இது புரொப்ரைட்டர்ஷிப்பா, பார்ட்னர்ஷிப்பா, லிமிடெட்டா?
2. உன் விசாவில் இந்தத் தொழிலை நடத்த அனுமதி இருக்கிறதா?
3. எங்கள் பெயரில் எங்கேயாவது கேரன்டி கேட்கிறார்களா?
4. இங்கே வங்கியிலும் ஆடிட்டரிடமும் பேசிவிட்டோமா?
5. மூட வேண்டி வந்தால் எப்படி, எவ்வளவு செலவில் மூடுவது?

வரி விகிதமும் விசா விதிகளும் அடிக்கடி மாறுபவை. எனவே, அந்த ஊர் அக்கவுன்டன்ட் ஒருவர், இங்கே ஓர் ஆடிட்டர் என இருவரிடமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.

பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. நாளைக்குத் தொழில் படுத்தாலும், பிள்ளை திரும்பி வந்து தங்க வீடு இருக்க வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.