பொருநை காட்டும் கரிக்கணக்கு

உலகம் வெப்பமுறுகின்றது என மாநாடு கூட்டிப் பேசுவோர் பலர். அவ் வெப்பத்திற்குக் கரணியமான கரிவளி எங்குப் பிறக்கின்றது, எங்கு அடங்குகின்றது என்பதைத் தம் மண்ணில் வைத்துக் காண்போர் சிலரே. பொதியமலையில் தோன்றி, நெல்லையை வளப்படுத்தி, புன்னைக்காயலில் கடல்சேரும் பொருநையின் கரையில் நின்று நோக்குவார்க்கு அக் கணக்கு முழுவதும் விளங்கும். தாமிரபரணி என்னும் அயற்பெயர் அவ் வாற்றை மறைத்ததுபோல், வெற்றுப் புள்ளிகள் அவ் வுண்மையை மறைத்துள்ளன.

உலக நாடுகள் அவைக்கு இந்திய அரசு அளித்த கணக்கின்படி, 2020ஆம் ஆண்டில் இந்நாடு வெளியிட்ட வெப்பவளிகள், கரிவளி அளவில் கூறின், 295.9 கோடி டன். அவற்றுள் ஏறத்தாழ 76 விழுக்காடு நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து ஆற்றல் பெறுவதால் வந்தவை. ஏறத்தாழ 14 விழுக்காடு வேளாண்மையால் வந்தவை. காடும் நிலமும் உள்ளிழுத்துக் கொண்டவை 52.2 கோடி டன். ஆற்றல், உழவு, காடு என அக் கணக்கு மூன்றையும் தனித்தனியே பிரிக்கின்றது. பொருநை நிலத்திலோ அவை ஒரே கயிற்றின் மூன்று புரிகள்.

பொதியக்காடு மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக விடுகின்றது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அந்நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கார், பிசானம் என்னும் இருபோக வயல்களுக்கு நீர் மேட்டினின்று பள்ளத்திற்குத் தானே ஓடுகின்றது. அதற்கு மின்பொறி வேண்டா, நிலக்கரியும் வேண்டா. கால்வாய் தூர்ந்து குளம் வறண்ட ஊரிலோ உழவன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றான். அவன் இறைக்கும் நீருக்காக வேறோரிடத்தில் நிலக்கரி எரிகின்றது. எனவே, குளத்தைத் தூர்வாருதலும் கரிவளியைக் குறைக்கும் வினையே.

வயலிலும் குறையுண்டு. எந்நேரமும் நீர் தேங்கிய நெல்வயற் சேற்றில் மீத்தேன் பிறக்கின்றது. நூறாண்டுக் கணக்கில் அது கரிவளியினும் ஏறத்தாழ 28 மடங்கு வெம்மை தருவது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டால் அது பெரிதும் குறையும். ஆயின், முறைப்படி மடை திறக்கப்பெறும் என்னும் உறுதி இருந்தாலன்றோ உழவன் அஞ்சாது வயலை உலரவிடுவான்? நீர் வருமோ வாராதோ எனக் கடைமடையில் கலங்கி நிற்பவன், வந்த நீரைத் தேக்கித்தான் வைப்பான்.

ஆற்றலிலும் இருநிலை காணலாம். பாவநாசத்தில் 1944 முதல் மலைநீர் மின் தருகின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆலைகளைச் சுழற்றுகின்றது. ஆயினும் காற்று ஓய்ந்த திங்கள்களில் நிலக்கரியையே நம்பவேண்டியுள்ளது. காற்று மிகுந்த நாள்களிலோ, மின்தடம் போதாமையால் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் உண்டு.

இவற்றையெல்லாம் சீர்செய்யும் உரிமை எவரிடம் உள்ளது? மாநிலப் பட்டியலில் இருந்த காடு, 1976இல் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றது. 1980ஆம் ஆண்டின் காடு காப்புச் சட்டத்திற்கு 2023இல் 'வன் சன்ரக்சன் ஏவம் சம்வர்தன் அதிநியம்' எனப் பெயர் சூட்டினர். பொதியமலையில் வழிவழி வாழும் காணிமக்கள் தம் காட்டிற்குரிய சட்டத்தின் பெயரையே சொல்ல இயலாதாராயினர்! பொதியக்காடு உறிஞ்சும் கரி இந்தியாவின் வரவேட்டில் ஏறுகின்றது. அக் காட்டின்மேல் முடிவெடுக்கும் உரிமை மட்டும் அம் மண்ணின் மக்களிடம் இல்லை.

உரிமை கேட்போர் கடமையும் உணர்தல் வேண்டும். பொருநையில் கழிவைக் கலந்தவரும், மணலை அள்ளியவரும், குளத்தை மேடாக்கியவரும் தில்லியிலிருந்து வந்தவரல்லர், தமிழரே! காட்டைக் காத்து, கால்வாயைத் திருத்தி, காற்றையும் கதிரையும் ஆற்றலாக்கும் இனமே நாளை உரிமையோடு நிற்கும். அணைகள் கட்டிய முன்னோரின் மரபினர் ஒரு குளத்தையேனும் மீட்டுத் தொடங்குக!