தலை நிற்காத குழந்தையும் தவளை போஸும்

பிறந்து பத்தே நாள் ஆன குழந்தை. இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளில் தாடையைத் தாங்கிக்கொண்டு, தவளை மாதிரி உட்கார்ந்தபடி தூங்குகிறது. தலையில் கம்பளிக் குல்லா, முகத்தில் லேசான சிரிப்பு வேறு. இன்ஸ்டாகிராமில் பார்க்கிறவர்கள் "சோ க்யூட்" போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். பத்து நாள் குழந்தை இப்படி உட்காருமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

உட்காராது. அதுதான் விஷயம்.

"இன்னும் தலை நிக்கலை, பாத்துத் தூக்கு" என்று பாட்டிமார்கள் சொல்வதைக் கேட்காத தமிழ் வீடு இருக்காது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி தலைதான். அந்த பாரத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். கழுத்தாலேயே முடியாததைச் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத மணிக்கட்டு தாங்குமா?

அப்படியானால் படம் எப்படி வந்தது? அது ஒரு படம் அல்ல, இரண்டு படங்கள். முதல் படத்தில் உதவியாளர் குழந்தையின் தலையை மேலிருந்து பிடித்திருப்பார். இரண்டாவதில் தலையை விட்டுவிட்டு, தாடையோடு சேர்த்து மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். எந்த நொடியிலும் குழந்தையைப் பிடித்த கை இல்லாமல் போகாது. பிறகு போட்டோஷாப்பில் இரண்டையும் ஒட்டி, கைகளை மட்டும் அழித்துவிடுவார்கள். தொழில் தெரிந்தவர்கள் இதை 'காம்போசிட்' என்பார்கள். மரக்கிளையில் தொங்கும் ஏணையில் குழந்தை தூங்குகிற படமும் ஒழுங்காக எடுத்தால் இதே கதைதான். குழந்தை கீழே மெத்தையில் படுத்திருக்கும், கிளை வேறு படத்திலிருந்து வரும்.

தெரிந்து செய்கிறவர்களிடமும் ஒரு குற்றம் இருக்கிறது. கையை அழித்த படத்தை மட்டும் ஊருக்குக் காட்டுகிறார்கள். புதிதாக ஒரு கேமராவும் இரண்டு கூடையும் வாங்கிக்கொண்டு தொழிலில் இறங்குகிறவருக்கு, நெட்டில் கிடைக்கும் அந்தப் படம்தான் பாடப்புத்தகம். அதில் கை இல்லை. ஆகவே அவரும் கை இல்லாமலே முயற்சி செய்கிறார். பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்க இன்ன பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு எடுத்தவர் அடுத்த வாரமே 'நியூபார்ன் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் குழந்தைப் படங்களை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய ஆன் கெடஸ் 1993-ல் எடுத்த மிகப் புகழ்பெற்ற படம் ஒன்றில், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை பெரிய இரண்டு கைகளுக்குள் தூங்குகிறது. அந்தக் கைகளை எடுத்துவிட்டால் அங்கே படமே இல்லை. இன்றைக்கு என்றால் அதையும் அழித்துவிட்டு ஒரு பூக்கூடையை வைத்திருப்பார்களோ என்னவோ!

சரி, ஏன் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள்ளேயே அழைத்துவரச் சொல்கிறார்கள்? அப்போதுதான் குழந்தை நன்றாகத் தூங்கும், வயிற்றுக்குள் இருந்தபடியே சுருளும், வளைத்தபடி வளையும். ஆனால் அந்த இரண்டு வாரம் எப்படிப்பட்ட காலம்? பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு, சில சமயம் பத்து பங்குவரை இழந்துவிட்டு, அதைத் திரும்பப் பிடிக்கக் குழந்தை போராடும் காலம். மஞ்சள் காமாலை உச்சத்துக்குப் போவதும் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான். பால் குடிக்கக்கூட எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் மருத்துவர்கள் அதை ஆபத்தின் அறிகுறியாகப் பார்க்கிறார்கள். ஸ்டுடியோவில் அதற்குப் பெயர் 'சமத்துக் குழந்தை'! இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டிய குழந்தையை வைத்துக்கொண்டு, "இந்த ஒரு ஷாட் முடியட்டும் மேடம்" என்று மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுகிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்ட அப்பாவும் வாயைத் திறப்பதில்லை.

"பக்கத்திலேயேதானே இருக்கிறோம், என்ன ஆகிவிடும்?" என்பது அடுத்த வாதம். பக்கத்தில் இருக்கிறவரின் கண் கேமராவுக்குள் இருக்கிறதே! பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது, மென்மையானது. தாடை நெஞ்சில் போய் அழுந்தினாலே அது அடைபடலாம். அடைபட்டால் அழுகை வராது, அழக் காற்று வேண்டும். 'அழவே இல்லையே, வசதியாகத்தான் இருக்கிறது' என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு! தூங்கும் குழந்தையைக் குப்புறப் போடக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1992-லேயே சொல்லிவிட்டது. இவர்களுக்குப் பிடித்த போஸ்களில் பாதி குப்புறப் படுப்பதுதான்.

குளிர் இன்னொரு பிரச்சினை. பெரியவர்களைப் போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் பிறந்த குழந்தைக்குத் தெரியாது. துணியில்லாமல் படுக்க வைத்தால் அறை நல்ல வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சென்னையில் போட்டோகிராபருக்கு வேர்க்கிறது என்று ஏசியைப் போட்டால் முடிந்தது கதை. கண்ணாடி ஜாடி, வாளி, முத்து கோர்த்த ஹேர்பேண்டு பற்றியெல்லாம் விளக்கவே வேண்டாம்.

வீட்டு வாசலில் "கை கால் கழுவிட்டு உள்ளே வா" என்று சொந்தக்காரர்களையே நிறுத்தி வைக்கிற குடும்பம், அதே குழந்தையை முந்தின குழந்தை படுத்த மெத்தையில், அது போட்டிருந்த குல்லாவோடு கிடத்துகிறது. கக்குவான் இருமலுக்கு முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான். பெரியவர்களும் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. ஃபிளாஷ் பட்டால் கண் போய்விடும், திருஷ்டி பட்டுவிடும் என்பார்கள். சாதாரண ஃபிளாஷால் குழந்தையின் கண் கெட்டதற்கு ஆதாரம் இல்லை. அந்த நேரத்தில் கழுத்தைப் பார்க்கலாம்.

"இந்த நாட்கள் திரும்பி வருமா?" வராதுதான். போட்டோவே எடுக்கக்கூடாது என்று யார் சொன்னது? ஜன்னல் வெளிச்சத்தில், அம்மாவின் மடியில், அவள் விரலைக் குழந்தை இறுக்கிப் பிடித்திருப்பதை எடுக்கட்டுமே. அதற்கு ஒரு குல்லாகூட வேண்டாம்.

தவளை போஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே போட்டோகிராபரிடம் அவர் எடுத்த பழைய தவளைப் படம் ஒன்றின் ஒட்டாத மூலப்படங்களைக் காட்டச் சொல்லலாம். இரண்டு படங்கள் இருக்க வேண்டும். இரண்டிலும் உதவியாளரின் கை தெரிய வேண்டும். ஒரே படம்தான் இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொன்னால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.