சூடேறுகிற நேரம்

எங்கள் வீட்டு ரேடியோ வால்வு செட். திருகின உடனே பேசாது. உள்ளே வால்வு சூடேறி, எலெக்ட்ரான்கள் கிளம்பினால்தான் குரல் வரும். அரை நிமிஷமாவது ஆகும். அதனால் செய்திக்கு முன்னாடியே அப்பா போட்டுவிட்டுக் காத்திருப்பார். சுற்றி நாங்கள், திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். யாராவது இருமினால் முறைப்பார்.

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேற வேண்டாம், சின்ன பாட்டரி போதும். 1954-ல் அங்கே பாக்கெட் ரேடியோவே கடைக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அண்ணன்தான் ஒன்று வாங்கி வந்தான். போட்ட மாத்திரத்தில் பாட்டு! அதைக் காதில் ஒட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். கீழே அப்பா மட்டும் வால்வு சூடேறக் காத்திருந்தார். அன்றைக்கு இருமக்கூட ஆள் இல்லை.

இப்போது நான் தாத்தா. ரேடியோ செல்போனுக்குள் போய்விட்டது. பேரன் காதில் எந்நேரமும் இயர்போன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகிறது.

காத்திருக்கிறேன். வால்வு சூடேறணுமில்லையா?