பழைமை கடையில் கிடைக்குமா?

படுக்கையறையைப் பழைய பாணியில் அழகுபடுத்துவதில் இன்று இளையர் பலர் ஆர்வம் காட்டுகின்றனர். பித்தளைக் கைப்பிடி பொருத்திய அலமாரி, பிரம்பு நாற்காலி, இளமஞ்சள் ஒளி தரும் மேசைவிளக்கு, பூப்போட்ட பருத்திப் போர்வை என அமைந்த அறைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன. அவற்றைப் பார்ப்பவர்களுக்குத் தங்கள் அறையும் அவ்வாறு இருக்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. இந்த ஆசையில் தவறில்லை. ஆனால், அதை நிறைவேற்றிக்கொள்ள அவர்கள் முதலில் கடையை நாடுவதுதான் பொருத்தமற்றது.

பழைய பாணியை 'விண்டேஜ்' என்று பலரும் அழைக்கின்றனர். இச்சொல் முதலில் திராட்சை அறுவடையையும் அது நடந்த ஆண்டையும் குறித்தது. பின்னர், ஒரு குறிப்பிட்ட காலத்தைச் சேர்ந்த தரமான பொருளைக் குறிக்கும் சொல்லாக மாறியது. நூறு ஆண்டுகளைக் கடந்தவற்றைத் தொன்பொருள் என்றும், அந்த அளவுக்கு வயதாகாத பழைய பொருள்களை 'விண்டேஜ்' என்றும் வணிகர்கள் பொதுவாகப் பிரிப்பர். ஆக, ஒரு பொருளுக்கு உண்மையிலேயே வயது இருந்தால்தான் இப்பெயர் அதற்குப் பொருந்தும். ஆனால், அண்மையில் தொழிற்சாலையிலிருந்து வந்த மேசைக்கு வண்ணம் பூசி, அவ்வண்ணத்தை ஆங்காங்கே தேய்த்து, பழையது போலக் காட்டி விற்பதும் இப்போது நடக்கிறது. அந்த மேசையில் தேய்மானம் இருக்கும். அதைத் தேய்த்த கைகளின் வரலாறு இருக்காது.

தரத்திலும் வேறுபாடு உண்டு. மலிவான அறைகலன்கள் பல, மரத்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திய பலகையால் செய்யப்படுகின்றன. சிங்கப்பூர், மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் அத்தகைய பலகை நீர் பட்டால் உப்பிவிடுகிறது. தேக்கு மரம் அப்படியன்று. அதில் இயற்கையாகவே உள்ள எண்ணெய், ஈரத்தையும் கரையானையும் பெரிதும் தாங்க உதவுகிறது. தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி இன்றும் உறுதியாக நிற்பதற்கு இதுவே காரணம்.

அந்த அலமாரிகள் இப்போது எங்கே போகின்றன? சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்கக்கால வீடுகளில் குடியேறியவர்களில் பலர் இன்று முதியவர்கள். சிலர் சிறிய வீடுகளுக்கு மாறுகின்றனர். வேறு சிலரின் பழைய அடுக்குமாடிகள் மறுமேம்பாட்டுக்காகக் காலி செய்யப்படுகின்றன. தங்ளின் ஹால்ட் வட்டாரத்தின் பழைய அடுக்குமாடிகளுக்கு அத்தகைய அறிவிப்பு 2014ஆம் ஆண்டில் வந்தது. வீடு மாறும்போது, புதிய வீட்டில் இடமில்லாத பொருள்கள் புளோக்கின் கீழ்த்தளத்திற்கு வந்துவிடுகின்றன. பழைய பொருள்கள் கைமாறிய சுங்கை ரோடு சந்தையும் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மூடப்பட்டது. ஒரு வீட்டில் பேத்தி இணையத்தில் பிரம்பு நாற்காலி வாங்குகிறாள். அதே வாரத்தில் அவளுடைய பாட்டியின் பிரம்பு நாற்காலி குப்பைக்குப் போகிறது. இது எவ்வளவு பெரிய முரண்!

பாட்டியின் வீட்டில் இருக்கும் பொருள் கடையில் கிடைப்பதைவிட ஒரு படி மேலானது. அதில் குடும்பத்தின் கதை இருக்கிறது. எஸ்.எஸ். ரஜுலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றி வந்தது. அப்படிக் கடல் கடந்து வந்தவர்களின் தகரப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அத்தகைய பெட்டியைத் துடைத்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்துப் போர்வைகளை அடுக்கினால், அறைக்கு அழகும் வரும். கொள்ளுத்தாத்தாவின் பயணமும் நினைவில் நிற்கும். காலால் மிதித்துத் தைக்கும் பழைய தையல் இயந்திரம் படிப்பு மேசையாகலாம். பாட்டியின் பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்தால் மென்மையான போர்வை கிடைக்கும். இவற்றிற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இக்கருத்தைச் சிலர் ஏற்க மறுக்கலாம். "அறை சிறியது, பழையதையெல்லாம் வைத்தால் கிடங்காகிவிடும்" என்பர். இந்த அச்சம் நியாயமானது. விரலுக்கேற்ற வீக்கம்தான் வேண்டும். ஆகவே, ஓர் அறைக்கு ஒன்று அல்லது இரண்டு பழைய பொருள்கள் போதும். அவற்றைச் சுற்றிக் காலியிடம் இருந்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். இதமான சூழலை உருவாக்க, 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் மின்விளக்கு ஒன்றே பெரிதும் உதவும்.

"பழைய பொருள்கள் ஆபத்தானவை" என்பது மற்றொரு வாதம். இதிலும் உண்மை இருக்கிறது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். அதைச் சுரண்டினால் எழும் தூசு உடலுக்குத் தீங்கானது. பழைய விளக்கின் மின்கம்பி உரிந்திருக்கலாம். கட்டில் காலில் கரையானோ மூட்டைப்பூச்சியோ இருக்கலாம். எனவே, பெரியவர்களின் உதவியோடு பொருளை நன்கு சோதித்த பிறகே அறைக்குள் கொண்டுவர வேண்டும். மின்கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளரே மாற்ற வேண்டும். சீர்செய்ய முடியாத பொருளை விட்டுவிடுவதே அறிவுடைமை. ஆனால், சில பொருள்கள் பழுதானவை என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறிவது சரியாகாது.

எல்லாக் குடும்பங்களிலும் பழைய பொருள்கள் இருப்பதில்லை என்பதும் உண்மையே. அப்படிப்பட்டவர்கள் பழைய பொருள் விற்கும் கடைகளை நாடலாம். அண்டை வீட்டார் கொடுக்க விரும்புவதையும் பெற்றுக்கொள்ளலாம். உறுதியான புதிய பொருள் ஒன்றை வாங்கி, நீண்ட நாள் பேணிப் பயன்படுத்துவதும் நல்ல வழிதான். இன்றைய புதிய மேசை, நன்கு பேணப்பட்டால், நாளைய பேரப்பிள்ளைகளுக்குப் பழைய மேசையாகும்.

தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பொருளும் இருக்கிறது. அதன் கதையைச் சொல்ல ஆளும் இருக்கிறது. பொருளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கலாம். ஆனால், அந்தப் பெட்டி எந்த ஆண்டு வந்தது, அந்த இயந்திரத்தில் யாருக்குச் சட்டை தைத்தார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் என்றும் இருக்கமாட்டார்கள். ஆதலால், தம் அறையை அழகுபடுத்த விரும்பும் மாணவர்கள் கைப்பேசியில் பொருள்களைத் தேடுவதற்கு முன்பு, தாத்தா பாட்டியின் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது. "இது யாருடையது, பாட்டி?" என்ற கேள்வியிலிருந்தே பழைய பாணி அறையின் அலங்காரம் தொடங்க வேண்டும்.