ஆடியில் முடிக்க வேண்டிய வேலை

ஆடி பிறந்தால் நம் தொழிலில் போன் அடிப்பது குறையும். ரீசேல் ஃப்ளாட் கையில் வைத்திருப்பவர்களோ, ஆனியிலேயே பார்ட்டி வரவில்லை என்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஓனரிடம் "விலையைக் குறையுங்கள்" என்பதும், நாலு இடத்தில் கூடுதலாக விளம்பரம் போடுவதும்தான் நமக்கு முதலில் தோன்றும். அதற்கு முன்பு பார்க்க வேண்டியது பத்திரக் கட்டை என்பது என் கருத்து.

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட் ஒன்று ஐந்து மாதம் என்னிடம் இருந்தது. உண்மையிலேயே வாங்கும் எண்ணத்தோடு வந்தது ஒரே குடும்பம். பூட்டியே கிடந்த வீடு. சமையலறைக் குழாயைத் திறந்ததும் துருத்தண்ணீர் வந்தது. கூட வந்த பெரியம்மா முகம் சுளித்தாலும், கிழக்குப் பார்த்த பால்கனி மருமகளுக்குப் பிடித்துப்போனது. விலை பேசி, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தார்கள்.

லீகல் பார்த்த வக்கீல் வில்லங்கச் சான்றில் ஒரு வரியைக் காட்டினார். ஓனர் கடனை அடைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த பதிவு அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை யாரும் பதியவில்லை. அதைப் பதிந்து முடிப்பதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது. முதல் நாளே ஈசி போட்டுப் பார்க்காதது என் தவறு.

வாங்குபவரின் தயக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நமக்குப் புரியும். 60 லட்சம் ரூபாய் ஃப்ளாட் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 5.40 லட்சம். ஆக 17.40 லட்சம் ரொக்கம், நம் கமிஷன் தனி. பாதி ஆயுள் சேமிப்பை எடுத்து வைப்பவர் பத்துக் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

அந்தப் பத்தில் ஒன்று, மழைத் தண்ணீர். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் தென்சென்னையில் யாரும் மறக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு நின்றது என்றால் அதை அப்படியே நாமே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கீழே நிற்கும் வாட்ச்மேன் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அதன்பிறகு நாம் சொல்லும் எதையும் வாங்குபவர் நம்பமாட்டார்.

விலை விஷயத்தில் ஒன்றே ஒன்று. வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று ஓனர் கேட்கும் தொகைக்கெல்லாம் தலையாட்டாதீர்கள். பக்கத்துத் தெருவில் சொல்லும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் கை மாறிய விலையை அவரிடம் சொல்லுங்கள்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த வாரமே புது ஈசி எடுங்கள். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ், கடன் ரசீது எல்லாவற்றையும் ஓனரிடம் கேட்டு வாங்கி, ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பூட்டிய வீடாக இருந்தால் சாவியை வாங்கி, வாரம் ஒருமுறை ஜன்னலையும் குழாயையும் திறந்துவிடுங்கள்.