கெட்டியானதெல்லாம் நல்லதா?



நம் லேபில் யூ.டி.எம். மெஷினில் கம்பியை மாட்டி இழுக்கிறோம். 'டமார்' என்று அறுந்ததும் ஒரே கைதட்டல். ராக்வெல் எண் கூடுதலாக வந்தால் நல்ல உலோகம் என்று ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். கெட்டியானதெல்லாம் நல்லது என்ற எண்ணம் மூன்று வருஷத்தில் மண்டையில் ஏறிவிடுகிறது. என்ஜின் பேரிங்கை ஒருநாள் சோதித்துப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும் என்பது என் கருத்து.

நான் சொல்வது பால் பேரிங் அல்ல. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் அரைவட்ட ஓடு. 1839-இல் அமெரிக்காவில் பேடன்ட் வாங்கிய ஐசக் பாபிட்டின் பெயரால் வழங்கும் வெள்ளை உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளீயம். கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. கத்தியால் சீவினால் சீவ வரும்! ஆனால் அந்த மென்மைதான் அதற்கு வேலையே. எண்ணெயோடு வரும் தூசியைத் தன் உடம்பில் புதைத்துக்கொண்டு, விலை உயர்ந்த கிராங்கைக் கீறல் விழாமல் காப்பாற்றுகிறது.

வேகம் கூடினால்தான் சிக்கல். 6,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு ராடு பேரிங்கும் நொடிக்கு 50 அடி வாங்குகிறது. சுற்று இரட்டித்தால் பிஸ்டனும் ராடும் ஓடித் திரும்புவதால் வரும் விசை நான்கு மடங்கு. சூடு ஏற ஏற வெள்ளை உலோகம் வலுவிழந்து, விரிசல் விட்டு, சில்லுசில்லாய் உதிரும். அதனால்தான் இரும்பு ஓட்டின்மேல் செம்பு-காரீயம், அலுமினியம்-வெள்ளீயம் என்று மெல்லிய பூச்சுகள் வந்தன. இந்தத் தொழிலுக்கென்றே 1961-இல் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ் கம்பெனிக்கு நம் கோயம்புத்தூரிலேயே ஆலை இருக்கிறது.

லட்சக்கணக்கான தடவை சுமையை ஏற்றி இறக்கி, எப்போது விரிசல் விடுகிறது என்று பார்க்கும் மெஷின் நமக்குக் கிடைக்காது. போகட்டும். ஓட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, ஓரத்தில் சாக்பீஸ் தூளைப் பூசிப் பாருங்கள். பூச்சு பிரிந்த இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். தேய்ந்த பேரிங்கும் பேசும். சுற்றிலும் கீறல் இருந்தால் தூசி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைவாக இருக்கலாம். கருகி இழுபட்டிருந்தால் எண்ணெய் எட்டவில்லை. பட்டறை மிஸ்திரி பார்த்தவுடனே சொல்லிவிடுவார். நமக்குத் தெரியுமா?

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? காசைக் கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குகிறோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். என் பங்குக்கு எவ்வளவு என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "படிக்கிறது நீயி, செய்யிறது கடைக்காரனாப்பா?"

கப்பலூரிலும் திருமங்கலத்திலும் பட்டறைகளில் கழற்றிய பேரிங்குகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குத்தானே போகின்றன? கேட்டு வாங்குவோம். எந்த என்ஜின், எத்தனை கிலோமீட்டர், என்ன கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி அடுக்குவோம். ஐம்பது சேர்ந்தால் அதுவே ஒரு ப்ராஜெக்ட். "ஓடுற மாடல் இல்லாம எக்ஸ்டர்னல் மார்க் போடுவாராடா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கிய மாடலை ஓட்டிக் காட்டியபின் அவர் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வோம்?

மாணவர் பேரவை ஓர் அலமாரியும் சில ஜோடிக் கையுறைகளும் கொடுத்தால் போதும். செம்பு-காரீய ரகத்தைத் தொட்ட கையோடு மட்டும் யாரும் மெஸ்ஸுக்குப் போகவேண்டாம். காரீயம் விஷம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல்